அம்மாக்களைக் காப்பாற்றியது எண்ணிக்கை

குடும்ப சிகிச்சை தருபவர்களிடம், "உங்கள் சிகிச்சையால் பலன் உண்டு என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரியான பதில்தான் வருகிறது. உறவு என்பது கருவி வைத்து அளக்கிற சமாச்சாரம் இல்லை. ஒவ்வொரு குடும்பமும் தனி உலகம். கணவனுக்கு ஓர் உண்மை, மனைவிக்கு ஓர் உண்மை, மாமியாருக்கு இன்னோர் உண்மை. இதில் எதை அளப்பது? மாத்திரையைச் சோதிக்கிற முறையைக் கொண்டுவந்து மனிதர்களைச் சோதித்தால் அவர்களைச் சோதனைக்கூட எலிகளாக்கிவிடுவோம். அழுதுகொண்டு வந்தவர்கள் முகம் தெளிந்து போகிறார்களே, அதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

பயிலரங்குகளில் இந்தப் பதிலைக் கேட்டிருக்கிறேன். கேட்டவர்கள் மொத்தமாகத் தலையாட்டியதையும் பார்த்திருக்கிறேன். இது படிக்காதவர்களின் வாதம் இல்லை. 1980களிலிருந்து குடும்ப சிகிச்சையின் முன்னணிச் சிந்தனையாளர்கள் பலர் தத்துவ வலுவோடு முன்வைத்த நிலைப்பாடு இது. அமெரிக்காவின் ஹார்லீன் ஆண்டர்சனும் ஹாரி கூலிஷியனும், சிகிச்சையாளர் எல்லாம் அறிந்த நிபுணராக அமரக் கூடாது, உரையாடலில் ஒரு பங்காளியாகவே அமர வேண்டும் என்றார்கள். குடும்பத்தின்மேல் நிபுணர்கள் செலுத்திவந்த அதிகாரத்தைக் கேள்வி கேட்ட குரல் அது. அந்தப் பணிவை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பணிவு "ஆகவே எங்களை யாரும் அளக்கக் கூடாது" என்ற இடத்தில் போய் நிற்கும்போது என்னால் கூடவே போக முடியவில்லை. நிபுணர் இல்லை என்று சொல்லிக்கொள்ளும் சிகிச்சையாளரும் கட்டணம் வாங்குகிறார். உங்கள் வீட்டில் எங்கே கோளாறு என்று ஏதோ ஒரு விதத்தில் உணர்த்துகிறார். அவர் உணர்த்துவது தவறாக இருந்தால் அந்தக் குடும்பம் அதை எப்படிக் கண்டுபிடிக்கும்?

இந்தத் துறையின் சொந்த வரலாற்றிலேயே இதற்கு விடை இருக்கிறது. அது தாய்மார்களின் வரலாறு.

மனச்சிதைவு நோய்க்கு அமெரிக்க மனமருத்துவம் காரணம் தேடிய காலத்தில், மனப்பகுப்பாய்வாளர் ஃப்ரீடா ஃப்ரோம்-ரெய்க்மன் 1948-ல் எழுதிய கட்டுரையில் மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற உருவத்தை முன்வைத்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1956-ல், கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவைச் சேர்ந்த கிரிகரி பேட்சன், டான் ஜாக்சன், ஜே ஹேலி, ஜான் வீக்லண்ட் ஆகியோர் "இரட்டைப் பிணை" கோட்பாட்டை வெளியிட்டார்கள். குடும்ப சிகிச்சை என்ற துறையின் அடித்தள ஆவணங்களில் ஒன்றாக இன்றும் அது கற்பிக்கப்படுகிறது. வாயால் ஒன்றும் உடலால் இன்னொன்றும் சொல்லி, எதை ஏற்றாலும் தண்டனை என்ற நிலையில் பிள்ளையைத் தொடர்ந்து வைத்திருந்தால் அவன் அறிவு சிதையும் என்பது சாரம்.

அதில் வருகிற ஒரு காட்சி புகழ்பெற்றது. ஓரளவு தேறிவிட்ட மகனைப் பார்க்கத் தாய் மருத்துவமனைக்கு வருகிறாள். அவன் ஆசையாக அவள் தோளில் கை போடுகிறான். அவள் உடல் விறைக்கிறது. அவன் கையை எடுத்துக்கொள்கிறான். என்மேல் பாசம் போய்விட்டதா என்று அவள் கேட்கிறாள். அவன் முகம் சிவக்கிறது. உணர்ச்சிகளைக் கண்டு இப்படிக் கூச்சப்படக் கூடாது என்று அவள் புத்தி சொல்கிறாள். அவள் போன பிறகு அவன் ஓர் ஊழியரைத் தாக்குகிறான்.

விறைத்த ஒரு தோள். அது ஏன் விறைத்தது என்பதற்கு எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். நோய் முற்றியிருந்த மாதங்களில் அதே கை அவளை அடித்திருக்கலாம். வாரக்கணக்கில் தூங்காமல் இருந்திருக்கலாம். பிள்ளை தேறிவிட்டான் என்று நம்பவே பயமாக இருந்திருக்கலாம். அந்தக் காட்சியில் தாயின் தரப்பு இல்லை. நோய்க்கு முன்னால் அவள் எப்படி இருந்தாள் என்பதும், நோயில்லாத பிள்ளைகளின் தாய்மார்கள் இதே போல் எத்தனை முறை விறைக்கிறார்கள் என்பதும் இல்லை. இந்தக் கருதுகோள் புள்ளியியல் முறையில் சோதிக்கப்படவில்லை என்று அந்த நால்வரே கட்டுரையில் எழுதியிருந்தார்கள். வாசித்தவர்கள் அந்த வரியைத் தாண்டிப்போனார்கள். தாயை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த இருபதாண்டுகளுக்கு மேல், மனச்சிதைவு வந்த பிள்ளையோடு மருத்துவமனைக்குப் போன தாய் தானே நோய்க்குக் காரணம் என்ற பார்வையைச் சந்தித்தாள். ஆட்டிசத்திலும் இதேதான் நடந்தது. 1967-ல் வந்த புரூனோ பெட்டல்ஹைமின் நூல் அன்பில்லாத தாய்தான் காரணம் என்பதைப் பொதுமக்களிடமும் கொண்டுபோனது.

இந்தக் கோட்பாட்டுக்கு என்ன மறுப்பு வந்தது என்று பாருங்கள். இன்னொரு அழகான கோட்பாடு வந்து இதைச் சாய்க்கவில்லை. 1966-ல் ரிங்கெட், கென்னடி என்ற இரு ஆய்வாளர்கள் எளிய காரியம் ஒன்றைச் செய்தார்கள். மருத்துவமனையில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் எழுதிய கடிதங்களைச் சேர்த்தார்கள். சிலருடைய பிள்ளைகளுக்கு மனச்சிதைவு, சிலருடைய பிள்ளைகளுக்கு வேறு நோய். பிள்ளை மருத்துவமனையில் இருப்பதாகக் கற்பனை செய்து மற்றவர்கள் எழுதிய கடிதங்களையும் கலந்தார்கள். எது யாருடையது என்பதை மறைத்து, இரட்டைப் பிணை எந்த அளவுக்கு இருக்கிறது என்று மதிப்பிடச் சொன்னார்கள். மதிப்பிட்டவர்களில் அந்தக் கோட்பாட்டை உருவாக்கியதில் பங்குள்ளவர்களும் இருந்தார்கள். மனச்சிதைவு நோயாளியின் பெற்றோர் எழுதியதை யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதைவிட முக்கியம், எந்தக் கடிதத்தில் இரட்டைப் பிணை இருக்கிறது என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை.

உறவை அளக்க முடியாது என்பவர்களிடம் இந்தக் கடிதங்களைப் பற்றித்தான் கேட்க விரும்புகிறேன். இரண்டு நிபுணர்களுக்கு ஒரே கடிதத்தில் ஒரே விஷயம் தெரியவில்லை என்றால், ஒற்றை நிபுணர் ஓர் அறையில் ஒரு தாயின் முகத்தில் கண்டேன் என்பதை நாம் எதை வைத்து நம்புவது? ஒரு தலைமுறைத் தாய்மார்களின்மேல் விழுந்த குற்றச்சாட்டு "ஆழ்ந்த புரிதலிலிருந்து" வந்தது. அதை இறக்கிவைக்கத் தொடங்கியது, கடிதங்களின் பெயரை மறைத்து எண்ணிப் பார்த்த ஒரு சிறிய சோதனை.

இதே காலத்தில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் வேறு விதமாகத் தொடங்கினார். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய ஆண்களில் யாருக்கு நோய் மீண்டும் வருகிறது என்று 1950களின் கடைசியில் கணக்கெடுத்தபோது, பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்களைவிட வாடகை அறைக்குப் போனவர்கள் நன்றாக இருந்தார்கள். யாரும் எதிர்பார்த்த முடிவு இல்லை இது. பாலோ ஆல்டோ மனநிலையில் இருந்திருந்தால், பார்த்தீர்களா, குடும்பம்தான் விஷம் என்று முடித்திருக்கலாம். அவர் அப்படி முடிக்கவில்லை. வீட்டில் எது, எவ்வளவு என்று கேட்டார்.

அதற்காக உருவான கேம்பர்வெல் குடும்ப நேர்காணலைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். உறவினரைத் தனியாக உட்காரவைத்துக் கடந்த மூன்று மாதங்களைப் பற்றிப் பேசவைப்பார்கள். காலையில் யார் எழுப்புவது, வீட்டு வேலையை யார் செய்வது, எப்போது எரிச்சல் வரும், கடைசிச் சண்டை எதைப் பற்றி? எல்லாம் ஒலிப்பதிவாகும். பயிற்சி பெற்றவர் அதைக் கேட்டுக் குறைகூறும் பேச்சுகளை ஒவ்வொன்றாக எண்ணுவார். "அவன் மத்தியானம் வரைக்கும் தூங்குகிறான்" என்று ஒரு தாய் சொன்னால் அது குறைகூறலா? சொற்களை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது. குரல் ஏறுகிறதா, வேகம் கூடுகிறதா, சொல் கடிபடுகிறதா என்று கேட்க வேண்டும். ஒரே வாக்கியம் களைப்பிலும் வரும், கசப்பிலும் வரும். இரண்டு மதிப்பீட்டாளர்கள் தனித்தனியாகக் கேட்டு ஒத்துப்போகும்வரை பயிற்சி நடக்கும். உறவின் நுட்பம் அளவுகோலில் தொலைந்துபோகும் என்கிறார்கள். ஒரு தாயின் குரலில் களைப்பு எது, கசப்பு எது என்று இத்தனை பொறுமையாகக் கேட்ட சிகிச்சைப் பள்ளி வேறு எது?

1972-ல் பிரவுன், பர்லி, விங் வெளியிட்ட முடிவு: குறைகூறலும் பகைமையும் அளவுக்கு மீறிய தலையீடும் மிகுந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களில் 58 சதவீதத்தினருக்கு ஒன்பது மாதத்துக்குள் நோய் திரும்பியது. மற்ற வீடுகளில் 16 சதவீதம். இதுவும் குடும்பத்தைப் பழிப்பதுதானே என்று ஒரு வாதம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. சில இடங்களில் இந்த அளவுகோலை அப்படித்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் ஆய்வுக் குழு அடுத்து செய்ததைக் கவனியுங்கள். ஜூலியன் லெஃபும் கூட்டாளிகளும் அத்தகைய குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். எல்லாருக்கும் மருந்து உண்டு. ஒரு பாதிக்கு மட்டும் கூடுதலாக, வீட்டுக்கே போய் நோயைப் பற்றி விளக்கினார்கள், உறவினர்களைச் சேர்த்துவைத்துப் பேசவைத்தார்கள், குடும்பத்தோடு உட்கார்ந்தார்கள். நோய்க்கு நீங்கள் காரணம் இல்லை, நோயோடு வாழ்வது உங்களுக்கும் கஷ்டம் என்பதிலிருந்துதான் பேச்சு தொடங்கியது. 1982-ல் வந்த முடிவில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பாதியில் ஒன்பது மாதத்தில் இரண்டில் ஒருவருக்கு நோய் திரும்பியிருந்தது. உதவி பெற்ற குடும்பங்களில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. 24 நோயாளிகளே இருந்த சிறிய ஆய்வு. அதனால்தான் உலகம் முழுக்க அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். 2022-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த தொகுப்பாய்வு இத்தகைய 90 குலுக்கல் சோதனைகளையும் 10,000-க்கு மேற்பட்டவர்களையும் சேர்த்துப் பார்த்து, குடும்பத்துக்கு உதவினால் நோய் திரும்புவது குறைகிறது என்று காட்டியது. குடும்பத்துக்கு நோயைப் பற்றிச் சரியாக எடுத்துச் சொல்வது மட்டுமே கணிசமான பலன் தந்திருந்தது. தாயைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிச் சிகிச்சையின் துணையாக்கியது இந்த எண்கள்தான்.

இனி அந்த "மாத்திரையைச் சோதிக்கிற முறை" என்ற பேச்சுக்கு வருவோம். வரலாறு தெரியாமல் சொல்லப்படுவது இது. குலுக்கல் முறையைப் பயிர்ச் சோதனைக்காக ஆர். ஏ. ஃபிஷர் வகுத்தது 1920களில். மருந்து உலகில் அதற்கு முன்மாதிரியான ஸ்ட்ரெப்டோமைசின் சோதனை வெளிவந்தது 1948-ல். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1939-ல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சிறுவர்களுக்கும் குடும்பங்களுக்கும் ஆலோசனை தரும் ஒரு பெரிய திட்டம் நாணயம் சுண்டிப் பிரித்துத் தொடங்கப்பட்டுவிட்டது. ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர் வகுத்த கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வு அது. மனித உறவுக்கான உதவியை இந்த முறையில் சோதிப்பது மருந்துக் கம்பெனிகளிடம் கடன் வாங்கிய பழக்கம் இல்லை.

அந்த ஆய்வின் முடிவைத்தான் ஒவ்வொரு குடும்ப ஆலோசகரும் பயிற்சியின் முதல் வாரத்தில் படிக்க வேண்டும் என்பேன். வயது, குடும்பச் சூழல், குணம் எல்லாவற்றிலும் ஒத்த 506 சிறுவர்களை ஜோடி ஜோடியாகச் சேர்த்து, ஜோடியில் ஒருவருக்கு உதவி, மற்றவருக்கு இல்லை என்று வைத்தார்கள். உதவி என்பது பெயரளவுக்கு இல்லை. மாதத்துக்கு இரண்டு முறை, சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு, ஆலோசகர் வீட்டுக்குப் போனார். குடும்பப் பிரச்சினைகளைப் பேசினார். படிப்புக்கும் மருத்துவத்துக்கும் கோடை முகாமுக்கும் ஏற்பாடு செய்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்த மனிதர்களைத் தேடிப்பிடித்தார். பதில் எழுதியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்தத் திட்டம் தங்களுக்கு உதவியது என்றார்கள். அன்போடு நினைவுகூர்ந்தார்கள். அழுதுகொண்டு வந்தவர்கள் முகம் தெளிந்து போகிறார்கள் என்பதுதான் ஆதாரம் என்றால், இதைவிட வலுவான ஆதாரம் கிடைக்காது.

பிறகு மெக்கார்ட் நாணயத்தின் மறுபக்கம் விழுந்தவர்களோடு ஒப்பிட்டார். 1978-ல் அவர் வெளியிட்ட கணக்குப்படி, உதவி பெற்றவர்கள்தான் இரண்டாவது முறை குற்றம் செய்வதில் முந்தியிருந்தார்கள். குடிநோயின் அறிகுறிகளும் தீவிர மன நோயின் அறிகுறிகளும் அவர்களிடம் கூடுதல். இறந்தவர்களில் அவர்கள் இளைய வயதில் இறந்திருந்தார்கள். நல்ல மனதோடு, நல்ல பயிற்சியோடு, ஆண்டுக்கணக்கில் செய்த உதவி கெடுதல் செய்திருந்தது. பெற்றவர்களுக்குத் தெரியவில்லை. கொடுத்தவர்களுக்கும் தெரியவில்லை. எந்தக் கவனமான உரையாடலும், எந்த ஆழ்ந்த கதைகேட்டலும் இதை வெளிக்கொண்டு வந்திருக்காது. உதவி பெறாத அந்தப் பாதி இல்லாமல் போயிருந்தால் இன்றும் அதை வெற்றிக் கதையாகச் சொல்லிக்கொண்டிருப்போம்.

தம்பதியர் விஷயத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். சண்டை உச்சத்தில் இருக்கும்போதுதான் ஜோடிகள் ஆலோசகரிடம் வருகிறார்கள். உச்சத்திலிருந்து எந்தச் சண்டையும் தானாகவே கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கத்தைத் தன் திறமையின் கணக்கில் ஆலோசகர் எழுதிக்கொள்கிறார். வராமல் நின்றவர்கள் பெரும்பாலும் நினைவில் தங்குவதில்லை. எவ்வளவு காலம் பொறுத்துப் பார்க்கிறோம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. டக்ளஸ் ஸ்னைடரும் கூட்டாளிகளும் பேச்சுப் பழக்கங்களைத் திருத்தும் நடத்தைவழி சிகிச்சையையும், மனதின் உள்காரணங்களைத் தோண்டும் சிகிச்சையையும் ஒப்பிட்டார்கள். முடிந்த நாளிலும் ஆறு மாதம் கழித்தும் இரண்டும் சமம். நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் முதல் வகையில் 38 சதவீதம் விவாகரத்து, இரண்டாவதில் 3 சதவீதம். 1991-ல் இது வெளிவந்தபோது நடத்தைவழி சிகிச்சையின் தலைமை ஆய்வாளர் நீல் ஜேக்கப்சன் கடுமையாக மறுத்தார். ஸ்னைடர் குழு பதில் சொன்னது. எந்த அமர்வில் யார் என்ன செய்தார்கள் என்று பதிவை எடுத்துவைத்துச் சண்டைபோட முடிந்தது. இது ஒரே ஓர் ஆய்வு, இதை வைத்து எந்தச் சிகிச்சைக்கும் முடிசூட்ட மாட்டேன். ஆனால் நான்காம் ஆண்டில் என்ன நடந்தது என்ற கேள்வியை எழுப்பியவர்கள் எண்ணிப் பார்த்தவர்கள்தான் என்பதை மறக்க முடியவில்லை.

குடும்ப சிகிச்சைக்கு ஆதரவாக மட்டும் எண்கள் பேசவில்லை. பேசக் கூடாது. தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் வளரிளம் பருவத்தினருக்குக் குடும்ப சிகிச்சை உதவும் என்று இந்தத் துறையில் உறுதியான நம்பிக்கை இருந்தது. பிரிட்டனில் 832 பேரை வைத்துச் சோதித்து 2018-ல் முடிவு வந்தது. குடும்ப சிகிச்சை பெற்றவர்களில் 28 சதவீதம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 25 சதவீதம், ஒன்றரை ஆண்டுக்குள் மீண்டும் காயத்தோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். வித்தியாசம் இல்லை. இதை ஏற்பது கசப்பானது. ஆனால் மகள் கையை அறுத்துக்கொண்டு நிற்கும் ஒரு வீட்டுக்கு, நம் நம்பிக்கையைவிட இந்த முடிவுதான் நேர்மையான பதில்.

உணவை மறுத்துத் தம்மைப் பட்டினி போட்டுக்கொள்ளும் அனோரெக்சியா நோயிலும் ஒரு பாடம் உண்டு. சால்வடோர் மினுச்சின் 1978-ல், ஒருவரோடொருவர் பின்னிப்பிணைந்த குடும்ப அமைப்புதான் அந்த நோயை வளர்க்கிறது என்றார். 53 பேருக்குச் சிகிச்சை தந்ததில் 86 சதவீதம் குணம் என்றும் சொன்னார். ஒப்பிட ஒரு குழு இல்லை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனைக் குழு குலுக்கல் முறையில் சோதித்து 1987-ல் வெளியிட்ட ஆய்வில், இளவயதில் நோய் வந்து சில ஆண்டுகளே ஆனவர்களுக்குக் குடும்பத்தைச் சேர்த்த சிகிச்சை உண்மையிலேயே உதவியது. அதற்கு மேலும் போய் இவான் ஐஸ்லர் குழு 2000-ல் வெளியிட்ட ஆய்வில், எல்லாரும் ஒரே அறையில் உட்கார வேண்டும் என்ற துறையின் அடிப்படை நம்பிக்கையையே சோதித்தார்கள். தாய் அதிகம் குறைகூறும் வீடுகளில், பெற்றோரையும் மகளையும் தனித்தனியாகப் பார்த்ததுதான் நல்ல பலன் தந்தது. காரணம் யோசிக்கக் கஷ்டமில்லை. பயத்தில் இருக்கும் தாய் மகள் எதிரே பேசப் பேச, மகள் இன்னும் சுருங்குவாள். யோசித்தால் புரிகிற இந்த விஷயம், சோதித்துப் பார்க்கும்வரை யாருக்கும் விதியாகத் தோன்றவில்லை.

ஆதாரம் என்ற பெயரில் நடக்கும் வியாபாரத்தை நான் காக்கவில்லை. பெயரும் சான்றிதழும் கட்டணமும் சேர்ந்த சிகிச்சை முத்திரைகள் பெருகிவிட்டன. ஜான் காட்மனின் குழு 52 தம்பதிகளை ஆராய்ந்து, யார் பிரிவார்கள் என்பதை 94 சதவீதத் துல்லியத்தோடு பிரித்துக் காட்டியதாக 1992-ல் வந்த ஆய்வு உலகப் புகழ் பெற்றது. யார் பிரிந்தார்கள் என்று தெரிந்த பிறகு, அதே தம்பதிகளை வைத்துச் செய்த சூத்திரம் அது. இப்படிச் செய்கிற சூத்திரத்தை வேறு தம்பதிகளிடம் வைத்துப் பார்த்தால் துல்லியம் எவ்வளவு சரியும் என்று ரிச்சர்ட் ஹேமனும் ஏமி ஸ்லெப்பும் 2001-ல் கணக்கோடு காட்டினார்கள். அளவீட்டின் பெயரால் வந்த மிகையை அளவீடு தெரிந்தவர்களே பிடித்தார்கள். கதை மட்டுமே ஆதாரம் என்று இருக்கும் இடத்தில் மிகையைப் பிடிப்பது யார்?

சராசரியில் தனி மனிதர் தொலைந்துபோகிறார் என்ற குறை மீதமிருக்கிறது. இதுதான் எனக்கு மிகவும் நெருக்கமான குறை. நூறு ஜோடிக்கு உதவியது என்பதால் என் எதிரில் இருக்கும் ஜோடிக்கு உதவும் என்று சொல்ல முடியாது, சரி. அப்படியானால் அந்த ஜோடியை அளந்து பாருங்கள் என்பதுதான் என் பதில். 2005-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 550 பேருக்குச் சிகிச்சை தந்தவர்களிடம், இவர்களில் யார் மோசமாகப் போகிறார்கள் என்று கேட்டார்கள். மூன்று பேரைத்தான் சுட்டினார்கள். உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். எதிரே உட்கார்ந்திருப்பவரை நன்றாக அறிந்திருக்கிறோம் என்ற உணர்வு எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்கு இதுவே போதும். நார்வேயில் 205 தம்பதிகளை வைத்து 2009-ல் வெளிவந்த ஆய்வில், ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் முடிவிலும் கணவனும் மனைவியும் தனித்தனியாகச் சில கோடுகளில் குறியிட்டார்கள். இந்த வாரம் எப்படி இருந்தீர்கள், இந்தப் பேச்சு உதவுகிறதா என்ற அளவில்தான் கேள்விகள். ஒரு நிமிட வேலை. அதைப் பார்த்துவிட்டுப் பேசிய ஆலோசகர்களிடம், இருவருமே தெளிவாக முன்னேறிய தம்பதிகள் 40.8 சதவீதம், பார்க்காதவர்களிடம் 10.8. அந்தப் படிவத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் ஆய்வாளர் குழுவிலும் இருந்தார். ஆகவே தொடர்பில்லாதவர்கள் திரும்பச் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்பது சரியே. அந்தப் படிவத்தில் இன்னொரு நன்மை இருக்கிறது. கணவன் சத்தமாகப் பேசும் அறையில் மனைவியின் கோடு சத்தமில்லாமல் கீழே இறங்கியிருந்தால் அது தாளில் தெரியும்.

நம் பண்பாட்டுக்கு இந்த மேற்கத்திய அளவுகோல்கள் பொருந்தாது என்பது இங்கே அடிக்கடி கேட்கும் வாதம். பொருந்துமா என்பதையே சோதித்தவர்கள் உண்டு. கேம்பர்வெல் நேர்காணலை இந்திப் பேச்சில் நம்பகமாகப் பயன்படுத்த முடியும் என்று நிறுவிய பிறகு, நரேந்திர விக்கும் கூட்டாளிகளும் 1987-ல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரையும் சண்டிகரையும் ஒப்பிட்டார்கள். குறைகூறலும் பகைமையும் தலையீடும் மிகுந்த வீடுகள் ஆர்ஹூஸில் பாதிக்கு மேல்; சண்டிகர் பகுதியில் மொத்தத்தில் கால்வாசிக்கும் குறைவு, சுற்றியுள்ள கிராமங்களை மட்டும் பார்த்தால் அதைவிடக் குறைவு. இந்தியக் குடும்பம் நோயாளியைத் தாங்குகிறது என்று மேடையில் சொல்வது சுலபம். எவ்வளவு தாங்குகிறது, எங்கே தாங்கவில்லை என்று காட்டியது அந்த வெளிநாட்டு அளவுகோல்தான்.

1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் கூடாரம் அடித்துக் குடும்பங்களை நோயாளியோடு தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையம் தொடக்கக் காலத்திலிருந்தே உறவினர் கூடத் தங்குவதை ஏற்பாடாகவே வைத்தது. தாயைக் குற்றவாளி என்று அமெரிக்கா விலக்கிவைத்த அதே ஆண்டுகளில் இங்கே தாய் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்திருந்தாள். இதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்தப் பெருமை தானாக ஆதாரமாகாது. 2014-ல் லான்செட்டில் வந்த சோதனை அந்த வேலையைத் தொடங்கியது. தமிழ்நாடு, கோவா, சதாரா ஆகிய மூன்று இடங்களில் மனச்சிதைவு உள்ள 282 பேர். ஒரு பகுதியினருக்கு மருத்துவமனைச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற சமூக சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே போய் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் உதவினார்கள். ஓராண்டு முடிவில் பலன் உண்டு, ஆனால் மிதமானது. தமிழ்நாட்டில் கூடுதலாகத் தெரிந்தது. மிதமானது என்று சொல்லத் துணிந்ததால்தான் அந்த அறிக்கையை நான் நம்புகிறேன்.

இதே தமிழ்நாட்டில்தான் தம்பதியர் ஆலோசனை என்பது கணக்கே இல்லாமல் மிகப் பெரிய அளவில் நடக்கிறது. 1984-ம் ஆண்டுச் சட்டம் குடும்ப நல நீதிமன்றங்களுக்கு முதலில் சமரசம் முயலும் கடமையைத் தந்தது. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இன்று மாநிலம் முழுக்க உண்டு. அடி வாங்கிய பெண் மனு கொடுக்கிறாள். இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைக்கிறார்கள். அவன் அம்மா ஒரு பக்கம், இவள் அண்ணன் ஒரு பக்கம். குழந்தை முகத்தைப் பாரும்மா என்று யாராவது சொல்கிறார்கள். இனிமேல் ஒழுங்காக இருப்பேன் என்று அவனிடம் எழுதி வாங்கி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி, அனுப்பிவைக்கிறார்கள். சேர்த்து வைத்தாகிவிட்டது. கேம்பிரிட்ஜ்-சாமர்வில் திட்டம் முதல் ஐந்து ஆண்டுகளோடு நின்றிருந்தால் எப்படிப்பட்ட வெற்றியாக இருந்திருக்குமோ, அப்படிப்பட்ட வெற்றி இது. உறவை அளக்க முடியாது என்ற தத்துவம் பயிலரங்கிலிருந்து இறங்கி வந்து யாருக்கு வசதியாகிறது என்பதை இந்த மேசையில் பார்க்கலாம். சேர்ந்து போனவளின் நிலையை யாரும் எண்ண வேண்டியதில்லை என்பது அவளை அடித்தவனுக்கும், மனுவை முடித்துவைத்த அலுவலகத்துக்கும் ஒருசேர வசதி.

செய்ய வேண்டியது பெரிய செலவு இல்லை. சமரசமான ஒவ்வொரு மனுவுக்கும் ஆறாம் மாதமும் ஓராண்டு முடிவிலும் அந்தப் பெண்ணிடம், வீட்டார் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, தனியாகப் பேச வேண்டும். மறுபடி அடி விழுந்ததா, கையில் பணம் இருக்கிறதா, தாய் வீட்டுக்குப் போக விடுகிறார்களா, மனு கொடுத்ததற்குப் பிறகு நிலைமை தேவலையா மோசமா என்று கேட்டு எழுத வேண்டும். சில மாவட்டங்களில் ஒரு விதமான ஆலோசனை, சில மாவட்டங்களில் வேறு விதம் என்று குலுக்கிப் பிரித்துச் செய்துபார்த்து, எதில் பெண்களும் குழந்தைகளும் பத்திரமாக இருந்தார்கள் என்று வெளியிட வேண்டும். அந்த அழைப்பை யார் செய்வது, அவள் சொன்னதை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது, மோசம் என்று அவள் சொன்னால் அன்றைக்கே யார் கிளம்பிப் போவது என்ற மூன்றுக்கும் நீதிமன்றமும் காவல் துறையும் விடை எழுதட்டும். எத்தனை ஜோடிகளைச் சேர்த்து வைத்தோம் என்ற எண்ணிக்கையை அதற்குப் பிறகு வெளியிடட்டும்.